லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் காணவில்லை

மார்ச் 4, செவ்வாய்

லிட்டருக்கு 15.1. மூன்று முறை கணக்குப் போட்டேன். எண்ணுக்கு வெட்கமே இல்லை, மூன்று முறையும் அப்படியே வந்தது. இதே வண்டி போன வருடம் 22 கொடுத்தது. பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து இழுக்கிற ஹைபிரிட் என்று பெருமையாக வாங்கினோம். "பங்க் எங்க இருக்குன்னே மறந்துடுவீங்க சார்" என்றார் விற்றவர். இப்போது பங்க்கில் இருப்பவர் சம்பந்தியைக் கண்ட மாதிரி எழுந்து நின்று வரவேற்கிறார்.

பம்ப் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதனை பார்த்தவன் நான். ஓய்வு பெற்று இரண்டு மாதம்தான் ஆகிறது. கண் இன்னும் ஓய்வு பெறவில்லை.

வண்டியை ஓட்டுவது மனைவி. அலுவலகம் பதினோரு கிலோமீட்டர். மாலை அவள் கதவைத் திறந்ததுமே, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறாயா என்று கேட்டேன். "முதல்ல செருப்பக் கழட்டிக்கறேன்" என்றாள். இது ஒரு பதிலா?

மார்ச் 6

நான்கு டயரிலும் காற்று பார்த்தேன். ஒன்றில் கொஞ்சம் குறைவு. அடித்தேன். மேல்மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, பங்க்கில் தண்ணீர் கலக்கிறார்கள் என்றார். அவருக்குத் தலைவலி வந்தால்கூட பங்க்தான் காரணம். இருந்தாலும் பங்க்கை மாற்றிவிட்டேன். யார் கண்டது.

மார்ச் 9, ஞாயிறு

பின் சீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வலை இருக்கிறது. பெரிய பேட்டரி அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறதாம். கழற்றினேன். ஒரு தலையணைக்குப் போதுமான தூசி, ஒரு ஹேர்பின், மகள் கல்லூரி போன காலத்துப் பஸ் டிக்கெட். சுத்தம் செய்து மாட்டினேன். ஆக, நோய் பிடிபட்டது.

மனைவியை உட்காரவைத்து இருபது நிமிடம் விளக்கினேன். ரொம்பப் பொறுமையாகக் கேட்டாள். அவள் வேலையே அதுதானே. ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, எட்டு மணி நேரம் ஊரார் குறை சொல்வதைக் கேட்பது.

மார்ச் 13

14.4. நான் வைத்தியம் பார்க்கப் பார்க்க நோய் முற்றுகிறது.

மார்ச் 15

டேஷ்போர்டில் கிடந்த பெட்ரோல் ரசீதுகளை எல்லாம் எடுத்தேன். ஒவ்வொன்றின் பின்னாலும் மீட்டர் எண் எழுதியே ஆகவேண்டும் என்பது என் சட்டம். பாவம், எழுதியிருக்கிறாள். வரைபடம் போட்டேன். டிசம்பர் வரை கோடு மேசை மாதிரி சமம். ஜனவரி இரண்டாம் வாரத்துக்குப் பின் தொபுக்கென்று விழுகிறது.

தொழிற்சாலையில் எங்களுக்கு முதல் பாடம்: குறை எந்த நாளில் தொடங்கியது, அந்த நாளில் என்ன மாறியது? சரி. சாலை மாறவில்லை. டயர் மாறவில்லை. பங்க் அப்போது மாறவில்லை. அவள் அலுவலக நேரம் மாறவில்லை. ஜனவரி இரண்டாம் வாரம் இந்த வீட்டில் எதுவுமே மாறவில்லை! விசித்திரமான வண்டி.

மார்ச் 17

மிச்சம் இருப்பது ஓட்டுகிறவள். ஏழு விதிகள் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டினேன். இனி தினமும் மாலை மூன்று எண்கள் சொல்லவேண்டும்: ஓடிய தூரம், மைலேஜ், பேட்டரியில் எத்தனை கட்டம். "சரி" என்றாள். அவள் "சரி" என்றால் எனக்கு ஏன் சந்தேகம் வருகிறது?

மகள் போனில் பேசினாள். "அப்பா, அம்மா வந்ததும் ஒரு வாய் தண்ணி குடிக்க விடுங்க" என்றாள். தண்ணீரை யார் தடுத்தது? டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று எண் சொல்லலாமே.

மார்ச் 20

13.6. விதிகள் எழுதி ஒட்டிய தாளையும் காணோம். காற்றில் பறந்துவிட்டதாம். கண்ணாடி ஏற்றிய காரில், காற்று.

மார்ச் 22, சனி

மெக்கானிக்கிடம் போனேன். வண்டியைத் தூக்கி ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றினார். பிரேக் எங்கும் உரசவில்லை. கம்ப்யூட்டரை மாட்டிப் பேட்டரியைப் பார்த்தார். என்னைவிட ஆரோக்கியம். கடைசியில் திரையில் ஓர் எண்ணைத் தட்டிக் காட்டினார். சராசரி வேகம், மணிக்கு 12. சைக்கிளில் போனால் முந்திவிடலாம்.

"வண்டில ஒரு குறையும் இல்ல சார். நிறுத்தின வண்டியில ஏசி போட்டுக்கிட்டு யாரோ தினம் முக்கா மணி நேரம் உட்காந்திருக்காங்க. பேட்டரி இறங்க இறங்க எஞ்சின் தானா ஓடி ஏத்திக்கும். ஓடாத தூரத்துக்கு மைலேஜ் எங்கேருந்து வரும்?"

யாரோ. சாவி இரண்டுதான். ஒன்று என் பையில்.

மார்ச் 23

ஐந்து மணிக்கு அலுவலகம் முடிகிறது. அரை மணி நேர ஓட்டம். வீட்டுக்குள் வருவது ஆறரைக்கு. கேட்டால் டிராஃபிக் என்கிறாள். எங்கே நிற்கிறாள்? தனியாகவா? அறுபது வயதில் எனக்குப் புத்தி எங்கெல்லாம் போகிறது — சீ. எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். என் யோக்கியதை எனக்குத் தெரியட்டும்.

மார்ச் 24

ஐந்தரைக்கே கீழே இறங்கி, பார்க்கிங்கில் தூணுக்குப் பின்னால் நின்றேன். துப்பறியும் சிங்கம். ஐந்து முப்பத்தெட்டுக்கு வண்டி வந்து எங்கள் இடத்தில் ஒழுங்காக நின்றது. அவள் இறங்கவில்லை. சீட்டைச் சாய்த்தாள், கண்ணை மூடினாள். போன்கூடக் கையில் இல்லை. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் தானாக ஓடி அடங்கியது. என் ஏழு கிலோமீட்டர் கண்ணெதிரே கரைகிறது, நான் தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஆறு இருபத்தைந்துக்கு நிமிர்ந்தாள். கண்ணாடியில் முகத்தைச் சரிசெய்துகொண்டாள், இன்டர்வியூவுக்குப் போகிற மாதிரி. நான் படியேறி ஓடி, மூச்சு வாங்க, அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிட்டேன். வழக்கம்போல மூன்று எண்களைக் கேட்டேன். வழக்கம்போலச் சொன்னாள்.

மார்ச் 25

கீழே உன்னைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நீங்க வேலைக்குப் போன வரைக்கும், நீங்க வர்றதுக்கு முன்னாடி வீட்ல எனக்கு ஒரு மணி நேரம் இருந்துச்சு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இப்ப அதுக்குக் கார்தான் இருக்கு."

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். போர்வையை மடித்து முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி 10, வெள்ளிக்கிழமை எனக்குக் கைதட்டி விடை கொடுத்தார்கள். 13, திங்கள் முதல் நான் வீட்டில். கோடு விழுகிற இடம் அதுதான். வலையைக் கழற்றி விளக்கிய வாரம் இன்னும் கொஞ்சம் விழுகிறது. விதி ஒட்டிய வாரம் அதற்கும் கீழே. முப்பத்தொரு வருட அனுபவசாலி, மாறியதையெல்லாம் பட்டியல் போட்டவன், தன்னை மட்டும் எழுத மறந்திருக்கிறான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது. சொந்த வீட்டுக்கு ஏறி வர்றதுக்கு ஒரு மனுஷி தினமும் முக்கா மணி நேரம் தைரியம் சேத்துக்க வேண்டியிருக்கே. இப்படியே போனால் ஒருநாள் ஏறி வராமலே இருந்துவிடுவாளோ?

மார்ச் 27

ஐந்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பூங்காவை ஒன்பது சுற்று. ஏழு மணிக்குத் திரும்பினேன். மைலேஜ் விஷயம் பிடிபட்டதா என்று மேல்மாடி வீட்டுக்காரர் வழியில் மறித்தார். பிடிபட்டது, ஒரு பாகம் ரொம்பப் பழசு, மாற்றவும் முடியாது என்றேன். எந்தப் பாகம் என்று யோசித்துக்கொண்டே போனார்.

மார்ச் 31

ஐந்தாவது நாளாகப் பூங்கா. வீட்டுக்கு வந்தபோது அவள் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். மூன்று கேள்வியும் வாய் வரை வந்தன. விழுங்கினேன். முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு கடினமான வேலை பார்த்ததில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

திடீர் மழை. ஆறு மணிக்கே நனைந்துகொண்டு ஓடி வந்தேன். பார்க்கிங்கில் பார்த்தால், அவள் இன்றும் காருக்குள். சீட் சாய்ந்திருந்தது. மனசு விட்டுப்போயிற்று. வீடு இரண்டு மணி நேரம் காலியாகக் கிடக்கிறது, இன்னும் காரா? மழையானால் என்ன, இன்னொரு சுற்று போகலாம் என்று திரும்பினேன்.

ஹாரனை ஒரு தட்டு தட்டினாள். பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"இன்னிக்கு ஒருத்தன் நாப்பது நிமிஷம் திட்டினான். மேல ஏற முடியல. வந்து உக்காருங்க. பேசாம உக்காருங்க."

உட்கார்ந்தேன். பேசாமல் உட்கார்ந்தேன். சட்டையிலிருந்து தண்ணீர் சீட்டில் சொட்டியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பத்து நிமிடம் இருக்கும், எஞ்சின் தானாக ஓட ஆரம்பித்தது. அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள்.

ஏசி போதுமா, கொஞ்சம் கூட்டட்டுமா என்று கேட்டேன்.

கூட்டச் சொன்னாள்.