உருமா கட்டிய வாரம்

அக். 12, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். பந்தல் நனைந்து ஒரு பக்கம் தொங்கியது. அப்பாவின் கருமாதி முடிந்தது. மாமா அண்ணன் தலையில் உருமா கட்டினார். புதுத் துண்டு, வழுவழுப்பு. இரண்டு தடவை அவிழ்ந்தது. "இனிமே இந்தக் குடும்பம் ஒன் பொறுப்பு மாப்ள" என்றார். அண்ணன் தலையாட்டினான். நான் அடுப்படி வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். பெண்பிள்ளைக்கு அந்தச் சடங்கில் வேலை இல்லை. சாம்பார் நன்றாக இருந்ததாம். எனக்கு ருசி தெரியவில்லை. அழுகையும் வரவில்லை. அத்தைமார் கவனித்துவிட்டார்கள்.

அக். 13, திங்கள்

வெயில். அண்ணனும் அண்ணியும் மதியமே காரில் சென்னை. லீவு முடிந்ததாம். அம்மாவிடம் குனிந்து, வரேம்மா. என்னிடம், பாத்துக்க. அவ்வளவுதான்.

இடுப்பெலும்பு முறிந்து அம்மா படுத்ததிலிருந்து அப்பாதான் எல்லாம். கஞ்சி, மாத்திரை, துணி மாற்றுவது. இப்போது நான். சாயங்காலம் ஆனதும் கை தானாக அரிசி களைந்தது.

வாங்க: டயாபர், டெட்டால், பவுடர், மெழுகுவத்தி.

மாலத்தீவு ஏஜென்ட் மெசேஜ். டீச்சர் வேலைக்கு வெள்ளிக்குள் பதில் வேண்டுமாம். படித்தேன். மூடினேன்.

அக். 14, செவ்வாய்

அம்மாவுக்குத் துணை பக்கத்து வீட்டுச் செல்வியக்கா. நான் பஸ்ஸில் பெரம்பலூர், அரியலூரிலிருந்து நின்றுகொண்டே. ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்க. இன்றைக்கு, ஒரு வேலையை ஏற்றுக்கொள்வதற்கான சொற்கள். போர்டில் எழுதியது:

அக்செப்ட்: ஒருவர் கொடுக்கிறார், நாம் சரி என்கிறோம்.
அண்டர்டேக்: செய்து முடிப்பேன் என்று வாக்குக் கொடுத்து இறங்குவது. விறைப்பான சொல். அப்ளிகேஷனுக்கு ஆகும், கடைத்தெருவில் பேச ஆகாது.
டேக் ஆன்: இருக்கிற வேலை போதாதென்று இன்னொன்றையும் இழுத்துப் போட்டுக்கொள்வது.
டேக் அப்: புதிதாகத் தொடங்குவது. வேலை, தையல், எதுவும்.
டேக் ஓவர்: இன்னொருவர் விட்ட இடத்திலிருந்து.

ஐந்துக்கும் வாக்கியம் சொன்னேன். என் குரல் பக்கத்து ரூமிலிருந்து கேட்பதுபோல் இருந்தது.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து வருகிற பர்வீன். புருஷன் துபாயில், மாமியார் இவள் கையில். எழுந்து கேட்டாள்: "மேடம், நம்ம சரின்னு சொல்லாமலே நம்ம தலையில வந்துட்டா, அதுக்கு எது?"

டேக் ஓவர் என்றேன். அவள் எழுதிக்கொள்ளவில்லை.

அக். 15, புதன்

மழை. கரண்ட் இல்லை. கிளாஸுக்குப் போகவில்லை. அம்மா மாத்திரையைத் துப்பினாள். துணி காயவில்லை. தெருவில் வெடிச் சத்தம். எங்களுக்கு இந்த வருஷம் தீபாவளி கிடையாது. ஏஜென்ட் மறுபடி மெசேஜ். போகணுமா என்று யோசித்தேன். யோசனை எங்கும் போகவில்லை. தூங்கிவிட்டேன்.

அக். 16, வியாழன்

அண்ணன் போன். கையில் கஞ்சிக் கிண்ணம், அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். செல்வியக்கா அவனிடம் மாலத்தீவு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். சூடாக இருந்தான்.

"நீ பாத்துக்குறேன்னு சொன்னதாலதான நான் கெளம்புனேன்?"

"நான் சொல்லலண்ணே. என்னைய யாரும் கேக்கவே இல்ல."

அவன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அம்மாவை ஏதாவது ஹோமில் சேர்க்கலாமா என்றான். நாளைக்கு நான் ஏஜென்டுக்குப் பதில் சொல்லணும் என்றேன். பார்ப்போம் என்று வைத்துவிட்டான்.

எனக்குக் கோபம் வந்தது. இந்த வாரத்தில் முதன்முதலாக ஏதோ ஒன்று வந்தது, அதுவே கொஞ்சம் நன்றாக இருந்தது. கஞ்சி ஆறிப்போயிருந்தது. ஸ்பூனை நீட்டினேன். அம்மா வாய் திறக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"என்னையவுந்தான் ஒருத்தரும் கேக்கல."

நானும் கேட்கவில்லை.