கோட்டின் மேல் என் மட்டை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஒரு வாடிக்கையாளர் கைபேசியை நீட்டிக்கொண்டே என் டைல்ஸ் கடைக்குள் வந்தார். குளியலறையில் ஒட்டிய டைல்ஸ் கோணலாம், போட்டோவே சாட்சியாம். "சார், போட்டோவுல என் மூக்கும் கோணலாத்தான் இருக்கும். ஆளை அனுப்புறேன், நேர்ல நூல் பிடிச்சுப் பாத்துட்டுப் பேசுவோம்" என்று அனுப்பிவைத்தேன். இருபத்திரண்டு வருஷ வியாபாரத்தில் நான் மதிக்காத ஒரே சாட்சி போட்டோ.

மாலையில் வணிகர் சங்கக் கூட்டம். அங்கே எழுந்து, இந்த வருஷக் கிரிக்கெட் போட்டிக்கு வீடியோ ரீவ்யூ வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினேன். காலையில் பேசியதும் நான்தான், மாலையில் பேசியதும் நான்தான். நடுவில் ஒரு சாப்பாடு, அவ்வளவே.

காரணம் எல்லோருக்கும் தெரியும். போன வருஷ இறுதி ஆட்டம். கடைசிப் பந்து, இரண்டு ரன் வேண்டும். இரண்டாவது ரன்னுக்கு ஓடி மட்டையை நீட்டுகிறேன், பக்கவாட்டில் நின்ற அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். அம்பயர் வேறு யாருமில்லை, என் மனைவியின் அண்ணன். மருந்துக்கடை வைத்திருக்கிறார். என் மட்டை கோட்டின் மேல் இருந்தது. யாரோ பிடித்த கைபேசிப் படத்தில் நூறு தடவை பார்த்தாயிற்று. கோட்டைத் தொட்டால் உள்ளே. செருப்பில்லாமல் ஆடிய நாளிலிருந்து எனக்குத் தெரிந்த நியாயம் அது.

"கண்ணு போனவரை நிக்க வெச்சா இப்படித்தான்" என்று சங்கத்தில் புகார் கொடுத்தேன். அம்பயர் பட்டியலிலிருந்து மச்சான் பெயரை அடித்தார்கள். கோப்பை என் கடை உபயம், மைதானத்தைச் சுற்றித் தொங்குகிற விளம்பரமும் என் கடையுடையது. சங்கம் வேறென்ன செய்யும்? அன்றிலிருந்து மச்சான் என் வீட்டுப் படியேறவில்லை. பன்னிரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் மைதானத்தில் நின்றவர், இப்போது ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். உட்காரட்டும்.

"கேமராவுல தப்பு உங்க மேலதான்னு வந்தா?" என்று பேக்கரிக்காரர் கேட்டார். போன வருஷம் ஜெயித்த அணியின் கேப்டன். இனிப்பு விற்கிற வாயிலிருந்து இப்படித்தான் வரும்.

"வந்தா, அம்பயர் தொப்பியை மாட்டிக்கிட்டு சீசன் பூரா வெயில்ல நான் நிக்கிறேன்யா!"

"செயலாளரே, இதைத் தீர்மானப் புத்தகத்துல ஏத்திக்குங்க."

செயலாளர் பாத்திரக்கடைக்காரர். ஏற்றிவிட்டார்.

மார்ச் 5, வியாழன்

வீடியோக்காரர் வந்தார். கல்யாணங்கள் எடுத்தே பழகியவர். எல்லோரும் கூப்பிடுவது 'ஜூம்'.

"ரெண்டு கேமரா, ஒரு லேப்டாப், ஒரு பெரிய திரை. போதும் சார். ஸ்லோமோஷனுக்குப் பாட்டு போட்டுரலாமா?"

"பாட்டெல்லாம் வேண்டாம்."

"மேலேருந்து பூ கொட்டற மாதிரி?"

"அவுட்டானவன் தலையிலயா?"

"சேச்சே. நாட் அவுட்டுக்கு மட்டும் சார்."

போன வருஷ இறுதி ஆட்டத்தைப் பரிசளிப்போடு சேர்த்து எடுத்தது இவர்தானாம். பக்கவாட்டிலிருந்து, கம்பத்தில் கேமரா கட்டி எடுத்தாராம். இன்னும் வைத்திருக்கிறார்! தேடி எடுக்கச் சொல்லிவிட்டேன். பெரிய திரையில், எல்லோர் முன்னாலும் போடவேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

மனைவி சொன்னது: "எங்கண்ணன் கண்ணுக்கு ரெண்டு கேமரா வெக்கிறீங்க. உங்க வாய்க்கு ஒண்ணு வெச்சிருந்தா ஊரு உருப்பட்டிருக்கும்."

மார்ச் 8, ஞாயிறு

முதல் ஆட்டம். விஞ்ஞானம் மைதானத்தில் இறங்கிய நாள்.

வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. சேலைக்கடையிலிருந்து கறுப்புத் துணி வாங்கி வந்து திரைக்கும் செயலாளருக்கும் சேர்த்துப் போர்த்தினோம். அவர்தான் மூன்றாவது அம்பயர். உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்: "இன்னொருவாட்டி போடு… ஃபேனைக் கொண்டாங்கப்பா…" ஒரு தீர்ப்புக்கு ஆறு நிமிஷம். அதற்குள் பந்துவீச்சாளர் போய் டீ குடித்துவிட்டு வந்தார்.

ஓர் அணிக்கு ஒரு ரீவ்யூதான். கையில் இருக்கிற ரீவ்யூவைச் செலவழிக்காமல் போனால் நஷ்டம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். வியாபாரிகள் அல்லவா? நடு ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு விழுந்த பிறகு நகைக்கடைக்காரர் ரீவ்யூ கேட்டார். "காத்துல விழுந்திருக்கலாம்ல?"

ஒரு கேட்ச் சந்தேகம். துணிக்குள்ளிருந்து செயலாளர் கத்தினார்: "யோவ் ஜூம், பந்து எங்கய்யா?" பந்து போன நேரத்தில் ஜூம், பார்வையாளர் வரிசையில் சிரித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை வரிசையாக எடுத்திருக்கிறார். கல்யாணப் பழக்கம். யாரும் விட்டுப்போனதாகக் குறை சொல்லக்கூடாதாம்.

இருந்தாலும் சொல்கிறேன், கேமரா நல்லது. மனுஷன் பொய் சொல்வான்.

மார்ச் 11, புதன்

ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தது. டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்தார். மச்சான் கடையைத் தாண்டி, மூன்று தெரு நடந்து வேறு கடைக்குப் போனேன். அந்த ஆள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த டாக்டர் எழுத்தை அந்த முனைக்கடைக்காரர் ஒருத்தர்தான் சார் படிப்பார். அவர் கண்ணு கண்ணு!"

மனைவியை அனுப்பி வாங்கினேன். "அண்ணன் தள்ளி நின்னே படிச்சுட்டாரு" என்றாள். நான் கேட்டது மாத்திரை. சாட்சி கேட்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரையும் கூப்பிட்டுப் பந்தலுக்குள் உட்கார வைத்தேன். ஜூம் போன வருஷப் படத்தைப் போட்டார். அங்குலம் அங்குலமாக நகர்கிறது. நான் ஓடி வருகிறேன் (வயிறு எனக்கு முன்னால் ஓடி வருகிறது). மட்டையை நீட்டுகிறேன். ஸ்டம்பு மேல் குச்சி எகிறுகிறது. "நிறுத்து!" என்றேன். நின்றது.

மட்டை நுனி, வெள்ளைக் கோட்டின் மேல். நட்டநடுவில். சந்தேகமே இல்லை.

"பாத்தீங்களா! பாத்தீங்களாய்யா! கோட்டு மேல!"

ஒருத்தரும் கைதட்டவில்லை. நகைக்கடைக்காரர் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். கடைசியில் பேக்கரிக்காரர்தான், ரொம்ப மெதுவாக:

"அண்ணே… கோட்டு மேல இருந்தா அவுட்டுண்ணே. கோட்டைத் தாண்டி உள்ள வரணும்."

"யார்யா சொன்னது?"

செயலாளர் விதிப் புத்தகத்தை நீட்டினார். அந்தப் பக்கத்தில் ஏற்கனவே ஒரு காகிதம் சொருகியிருந்தது. எத்தனை நாளாகவோ!

"அப்ப… ஒரு வருஷமா உங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்ணே."

"ஏன்யா ஒருத்தனும் வாயைத் தொறக்கல?"

"கோப்பை உங்களுது. பேனர் உங்களுது" என்றார் செயலாளர். "யார் சொல்றது?"

"மச்சான்?"

"அவர் அன்னிக்கே மைதானத்துல சொன்னாரே. நீங்க கத்துன கத்துல உங்களுக்குக் கேக்கல."

ஆக, ஒரு வருஷமாக நான் கடை கடையாகப் போய்ச் சொன்னது புகார் அல்ல, வாக்குமூலம். என் வாயாலேயே "நான் அவுட், நான் அவுட்" என்று தண்டோரா போட்டிருக்கிறேன். அதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே, சரியாகச் சொன்ன மனுஷனின் பெயரை அடித்திருக்கிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன? அடிக்கச் சொன்ன கை எது?

மார்ச் 16, திங்கள்

கடையில் யாரிடமும் வாய் கொடுக்கவில்லை. வியாபாரம் நன்றாக நடந்தது.

மார்ச் 18, புதன்

மருந்துக்கடை. எனக்கு முன்னால் நான்கு பேர். வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"சீட்டு?" என்றார், நிமிராமல்.

"சீட்டு இல்ல மச்சான். அது… அவுட்டுதான்."

"எது?"

"போன வருஷம். நான்."

"அது எனக்குத் தெரியுமே." ஒரு மாத்திரை அட்டையைக் கத்தரித்து உறையில் போட்டார். "இதை என் காதுல வந்து சொல்லி என்ன பண்ண? கண்ணு போனவன்னு சங்கத்துல, நாப்பது பேர் முன்னால சொன்னீங்க. அங்க போய்ச் சொல்லுங்க. அடுத்தவருக்கு வழி விடுங்க."

மார்ச் 20, வெள்ளி

சங்கத்தில் சொன்னேன். எழுந்து நின்று, இரண்டு வாக்கியம். மூன்றாவதாக ஒரு சமாதானம் நுனிநாக்கு வரை வந்தது, விழுங்கிவிட்டேன். இது என் வாழ்க்கையிலேயே மிகச் சின்னப் பேச்சு. மச்சான் பெயரை மறுபடி சேர்த்தார்கள்.

பேக்கரிக்காரர் கை தூக்கினார். "செயலாளரே, மூணாந்தேதித் தீர்மானத்தை ஒருவாட்டி படிங்க."

படித்தார். ஆணி அடித்தது போலப் படித்தார்.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் மனைவி இரண்டு தொப்பி எடுத்து வைத்திருந்தாள். "ஒண்ணு எங்கண்ணனுக்கு. ஒண்ணு உங்களுக்கு. ரெண்டும் ஒரே அளவுதான். உங்க தலை இப்ப சரியா இருக்கும்."

பந்துவீச்சு முனையில் மச்சான். பக்கவாட்டில் நான். நான் நீட்டிய தொப்பியை மச்சான் வாங்கி மாட்டிக்கொண்டார். மூன்று மணி நேரம் நின்றேன். வெயில் என்றால் என்ன என்று ஏசி போட்ட கடையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன தெரியும்? பந்தைப் பார்ப்பதா, கோட்டைப் பார்ப்பதா, காலில் ஏறுகிற எறும்பைப் பார்ப்பதா?

பதினாறாவது ஓவர். ஒரு ரன் அவுட். ஓடி வந்தவர் பேக்கரிக்காரர். மட்டை கோட்டின் மேல்! என் கண்ணால் பார்த்தேன். ஒரு வருஷம் கழித்துப் படித்த பாடமாயிற்றே, விரலைத் தூக்கினேன்.

அவர் ரீவ்யூ கேட்டார்.

ஆறு நிமிஷம் விரலைத் தூக்கினபடி நிற்கவேண்டியதில்லை என்று பிறகுதான் சொன்னார்கள். துணிக்குள்ளிருந்து செயலாளர் குரல்: "உள்ள வந்தாச்சு! ஒரு நூல் உள்ள!" பெரிய திரையில் பேக்கரிக்காரர் தலையில் பூ கொட்டியது. ஜூம் கேட்டால்தானே!

"அண்ணே, கண்ணு போச்சா?" என்று அவர் கேட்டதில் மைதானமே சிரித்தது. சத்தமாகச் சிரித்தது என் மனைவி. சிரிக்காதவர் ஒரே ஒருத்தர்.

ஓவர் முடிந்து இடம் மாறும்போது மச்சான் என் பக்கம் வந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு, "மாப்ளே" என்றார். "மாத்திரை வியாழக்கிழமையோட தீருது. அவளை அனுப்ப வேண்டாம், நீங்களே வாங்க."

"கண்ணுக்கு ஏதாவது சொட்டு மருந்து இருந்தா, அதையும் எடுத்து வைங்க மச்சான்."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஒரு நூல் யாருக்கும் தப்பும்." தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். நான்கு அடி போய்த் திரும்பினார். "வாய்க்கு மருந்து வந்தா சொல்லி அனுப்புறேன்."