ராகித் தொட்டிக்கு நான் போட்ட உரம்

மத்திகிரி
20-11-2006

அன்புள்ள சத்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி மோகனும் சளி காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் நாட்டில் அப்படியே இருக்க வேண்டும் என்று தினம் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதத்தில் பாதி வரைக்கும் உனக்குக் கோபமும் பதற்றமுமாக இருக்கும், ஆனால் விஷயம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அதனால் உட்கார்ந்து நிதானமாகப் படி. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ தொட்டிகளைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் ஜம்மென்று இருக்கின்றன என்று சொன்னேன் அல்லவா, அதில் இரண்டு ஞாயிறு சொன்னது பொய். நேற்றாவது உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன், அதற்குள் உன் கார்டு தீர்ந்து லைன் கட்டாகிவிட்டது. அதுவும் நல்லதுதான், வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன், எழுத்தென்றால் முழுதும் சொல்லியாக வேண்டும்.

நீ ஜெர்மனிக்குக் கிளம்பும் முன் அட்டையில் பெரிய பெரிய எழுத்தாக எழுதி மாடிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனாய், தண்ணீர் மட்டும் போதும், உரம் வேண்டாம், சாணித் தண்ணீர் வேண்டாம், அரிசி களைந்த தண்ணீர்கூட வேண்டாம் என்று. பெங்களூரில் உங்கள் காலேஜில் செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டில் வெள்ளை ஈ புகுந்துவிட்டதால்தான் பன்னிரண்டு தொட்டியையும் நம் மொட்டை மாடிக்குக் கொண்டுவந்தாய், அது தளிக்குப் போகிற வழியில் அந்த மேட்டிலிருந்து நீயே அள்ளிவந்த மண், அந்த மண்ணுக்குள் இருக்கிற பூசணம் வேரில் குடியேறிப் பெருகத்தான் ராகி போட்டிருக்கிறாய், ராகி விளைய வேண்டும் என்று இல்லை, இதெல்லாம் எனக்கு ஒப்பிக்கும் அளவுக்குத் தெரியும். ஊறுகாய் ஜாடியில் பூசணம் வந்துவிடக் கூடாதே என்று ஆயுசெல்லாம் துடைத்துக்கொண்டிருக்கிறேன், நான் பெற்றது கடல் தாண்டிப் போய்ப் பூசணம் வளர்க்கப் படிக்கிறது என்று பக்கத்து வீட்டு ஜோதியம்மாளிடம் சொல்லிச் சிரித்தவள்தான் நான். ஆனாலும் செப்டம்பர் கடைசியில் மாடிக்குப் போய்ப் பார்த்தால் ராகி குச்சி குச்சியாக நின்றது, இலை ஓரமெல்லாம் ஊதாவாகச் சிவந்துவிட்டது. பேரிகையில் பன்னிரண்டு வயதிலிருந்து கூலிக்கு ராகியில் களை எடுத்தவள் நான், இலை அப்படிச் சிவந்தால் என்ன கேட்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு நாள் பார்த்தும் பார்க்காத மாதிரி இறங்கி வந்தேன். ஐந்தாம் நாள் மனசு கேட்கவில்லை. உன் மாமா பொன்னுசாமி தக்காளிக்குப் போட்டது போக மீதி இருந்த டி.ஏ.பி. உரத்தை ஒரு கவரில் வாங்கிவந்து, மக்கில் கரைத்து, சிவந்திருந்த தொட்டிக்கெல்லாம் ஊற்றிவிட்டேன். பத்தே நாளில் கரும்பச்சையாக நிமிர்ந்து நின்றன, கதிர் ஒவ்வொன்றும் கைவிரல் தடிமன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அட்டையில் எழுதியிருந்தது நினைவில் இல்லாமல் இல்லை, கொஞ்சூண்டுதானே, சத்யாவுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். பட்டினி கிடக்கிறதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வரவில்லை, அவ்வளவுதான் காரணம்.

தீபாவளி கழிந்து உன் ஜூனியர் ராஜேஷ்குமார் வந்தான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரம் அவசரமாக முன்வரிசையில் நான்கு தொட்டியில் மட்டும் வேரை வெட்டி எடுத்துக்கொண்டு போனான், போகும்போது ராகியைப் பார்த்து இவ்வளவு செழிப்பா என்று ஒரு மாதிரியாக இழுத்தான். அடுத்த வெள்ளிக்கிழமை போன் செய்து, வேரைச் சாயம் போட்டுப் பார்த்தேன் ஆன்ட்டி, உள்ளே பூசணமே இல்லை, காலி என்றான். எதனால் அப்படி ஆகும் என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். யாராவது மணிச்சத்து கொடுத்திருந்தால் ஆகும், பூசணம் வேருக்கு வெளியே தூரமெல்லாம் போய் அந்தச் சத்தைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்கும், செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும், சத்து பக்கத்திலேயே கொட்டிக் கிடந்தால் செடி எதற்குப் பூசணத்தை உள்ளே சேர்க்கும் என்றான். டி.ஏ.பி.யில் இருப்பது அதுதானே. அக்காவிடம் இப்போதைக்குச் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனை வைத்தேன். உன் நான்கு வருஷப் படிப்பு அந்த மண்ணில் இருக்கிறது, ஒரு மக் தண்ணீரில் அழித்துவிட்டேனே என்று அழுதேன். ஞாயிறு நீ கூப்பிட்டபோது ஜம்மென்று இருக்கிறது என்றேன்.

இரண்டு வேளை நான் சரியாகச் சாப்பிடவில்லை என்றதும் அப்பா கண்டுபிடித்துவிட்டார். சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், கொஞ்ச நேரம் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "மண்ணுதான போச்சு, அந்த மேட்டுக்கே போயி திரும்ப அள்ளிக்கினு வந்தா ஆச்சு" என்றார். 12-ஆம் தேதி ஞாயிறு இரண்டு பேரும் சிமெண்டுச் சாக்கும் களைக்கொத்தும் எடுத்துக்கொண்டு கூட்ரோட்டில் தளி பஸ் ஏறினோம். நீ காட்டிய இடத்தில் இறங்கினால் மேட்டைக் காணோம், சத்யா. நாம் உட்கார்ந்து புளிச்சோறு தின்ற இலந்தை மரத்தையும் காணோம். சுற்றிலும் புதுசாகக் காம்பவுண்டுச் சுவர், உள்ளே ஜே.சி.பி. சமன் செய்துவிட்டுப் போன செம்மண் தரை, இரும்புக் குழாய்கள் அடுக்கியிருந்தன, பூ வளர்க்கிற கொட்டகை போடப் போகிறார்களாம். காவலுக்கு இருந்தவர் கன்னடக்காரர், மண் எடுக்க வந்தோம் என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெட்டா ஹோய்த்தம்மா, இன்னும் எங்க மண்ணு?" என்றார். மேடே போய்விட்டது என்கிறார். இருந்தும் பாவம், அப்பா கையிலிருந்த சாக்கைப் பார்த்துவிட்டு, வேணுமானால் இதில் ஒரு சாக்கு அள்ளிக்கொள்ளுங்கள் என்று குவித்து வைத்திருந்த மண்ணைக் காட்டினார். அப்பா அள்ளப் போனார், நான்தான் வேண்டாம் என்றேன், எந்த அடி மண் எந்த மேல் மண் என்று தெரியாமல் கொண்டுபோய் அதையும் உன் மண் என்று சொல்லவா. வெறும் சாக்கோடு திரும்பினோம்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அப்பா கம்பெனியில் குவாலிட்டி செக்ஷன் ஆயிற்றே, மத்திகிரி வருவதற்குள் அவருக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது. "பன்னெண்டுக்கும் ஊத்தினியா, இல்ல எதையாச்சும் உட்டியா, யோசிச்சு சொல்லு" என்றார். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இருக்கிற மூன்று தொட்டி, நீ 10, 11, 12 என்று எழுதியிருப்பது, அவை சிவக்கவே இல்லை. இதுங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று விட்டுவிட்டேன். சொன்னவுடன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், உரமே போடாமல் அது மட்டும் எப்படிப் பச்சையாக இருந்தது என்று கேட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அதே மண், அதே வெயில், அதே தண்ணீர், அதற்கு மட்டும் யார் சோறு போட்டார்கள்? வீட்டுக்கு வந்ததும் ராஜேஷ்குமாருக்குப் போன் செய்து நான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவன் உடனே, அந்த மூன்றையும் யாரும் தொடாதீர்கள் ஆன்ட்டி என்றான். அதற்கு நடுவில்தான் அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய், நிச்சயமாகத் தெரியாமல் உன்னை எதற்குப் பதற வைப்பது என்று இரண்டாவது பொய்யைச் சொன்னேன்.

முந்தாநாள் சனிக்கிழமை பெட்டியில் மைக்ராஸ்கோப்பையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். வேரை வெட்டிக் கழுவி ஏதோ காரத் தண்ணீரில் வேக வைத்தான், என் சமையல் பாத்திரத்தைத் தரவில்லை, விளிம்பு நசுங்கிய பழைய எவர்சில்வர் சட்டியைத்தான் கொடுத்தேன். அப்புறம் கடையில் வாங்கிய வினிகரில் எழுதுகிற இங்க்கை ஊற்றி அதில் போட்டான். இவ்வளவு பெரிய படிப்புக்கு இங்க்கும் வினிகருமா என்று அப்பாவுக்கு ஆச்சரியம். அவன் முதலில் பார்த்தான், எழுந்து எனக்கு இடம் விட்டான். எனக்கு முதலில் என் கண் இமை முடிதான் தெரிந்தது. அவன் எதையோ திருகினான், அப்புறம் தெரிந்தது, வேருக்குள் நூல் நூலாக நீலம் ஓடுகிறது, அதுதான் பூசணமாம், நடுநடுவே கடுகு மாதிரி உருண்டைகள், கட்டம் கட்டமாக இருக்கிற வேரில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் குட்டிக் குட்டியாகக் கிளை விட்டிருக்கிறது. வேர் முழுக்க, இடமே இல்லாமல். மூன்று தொட்டியிலும் அப்படித்தான். அந்த மூன்றும் இலந்தை மரத்தடி மண் என்று உன் நோட்டைப் பார்த்துச் சொன்னான். நான் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்து நீலமெல்லாம் கலங்கிப் போய்விட்டது, துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தேன். இதைத்தான் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்கு இதுவரை தெரியாது. மற்ற ஒன்பது தொட்டியும் முழுசாகக் கெட்டுப்போகவில்லையாம், மண்ணில் விதை மாதிரி கொஞ்சம் கிடக்கும், மணல் கலந்து சத்தில்லாமல் திரும்ப விதைத்தால் வரலாம் என்கிறான். நீ சொன்னபடி செய்கிறோம்.

போகும்போது ராஜேஷ்குமார் நல்லதுக்கென்று ஒன்று சொன்னான், ஒன்பது தொட்டியும் அடைமழையில் கெட்டுவிட்டது என்று எழுதிக்கொள்ளலாம், அக்காவுக்கும் கைடு சாருக்கும் தெரிய வேண்டாம் என்று. எனக்குக் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நீ உடனே மழை பெய்தால் பூசணம் ஏன் சாகிறது என்று இன்னொரு நான்கு வருஷம் ஆராய்ச்சிக்கு உட்கார்ந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். உன் புத்தகத்தில் அந்த ஒன்பதுக்கு நேரே அம்மா டி.ஏ.பி. போட்டாள் என்றே எழுது, சென்னம்மா என்று பேரைப் போட்டாலும் சரி. உங்கள் சார் கேட்டால் நானே வந்து சொல்கிறேன்.

அப்பாவுக்கு இந்த வாரம் காலை ஷிப்ட். மோகனுக்குச் சூளகிரி பக்கம் ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாக எடுத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் சேர வேண்டும். நீ வெறும் ரொட்டியும் ஜாமும் தின்று காலத்தை ஓட்டாதே, காலுக்குக் கம்பளிச் சாக்ஸ் இரண்டாகப் போட்டுக்கொள். எந்தக் குறையும் அண்டாமல் நீ போன காரியம் ஜெயித்துத் திரும்பி வர, நம் குலசாமி துணை இருக்கட்டும். ஒன்பது தொட்டியை என்ன செய்ய வேண்டும் என்று மறக்காமல் ராஜேஷ்குமாருக்கு மெயில் போடு. என்னைத் திட்டுவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போனில் திட்டிவிடு, தாராளமாகத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தில் மட்டும் எழுதாதே. நீ எழுதும் கடிதங்களை நான் ஒரு தடவை படித்ததோடு விடுகிறவள் இல்லை.

இப்படிக்கு
உன் அம்மா
மு. சென்னம்மா