ஓசி வெயில்

பிப்ரவரி 9, திங்கள்
மாடியில் சோலார் பலகை மாட்டி ஒரு மாதம். கரன்ட் பில் பாதிக்கும் கீழே. என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பேட்டரி வைக்க வசதியில்லை. இருட்டினால் பழையபடி காசுக் கரன்ட்தான். "வாஷிங் மெஷின், மோட்டார், அயர்ன் எல்லாத்தையும் மத்தியானமே முடிச்சிடு. வெயில் ஓசிதானே!"

வெயில் ஓசி. நான்? ஆஸ்பத்திரியில் நர்ஸாக இரவெல்லாம் நின்றுவிட்டு வந்து நான் தூங்குவதும் அந்த மத்தியானம்தான்.

பிப்ரவரி 12
பன்னிரண்டு மணிக்கு போன். எவ்வளவு கரன்ட் வருகிறது என்று ஆபீஸிலிருந்தே செல்போனில் பார்க்கிறாராம். "இப்ப சூப்பரா வருது. மோட்டார் போட்டுடு." போட்டேன்.

பிப்ரவரி 17
மறுபடி போன்.

பிப்ரவரி 20
மேகமூட்டம். பலகை சும்மா கிடந்தது. நானும். ஆறு மணி நேரத் தூக்கம்! வெயில் வரவில்லை என்று யாராவது இப்படிச் சந்தோஷப்படுவார்களா?

பிப்ரவரி 26
நியாயமாகச் சொன்னால் நல்லதும் இருக்கிறது. புகை இல்லை, சத்தம் இல்லை. பகலில் ஏசி — முன்பு நினைத்தே பார்த்ததில்லை. அறை ஜில்லென்று இருக்கிறது. படுக்கத்தான் ஆளில்லை. படுக்க வேண்டிய நான் மாடியில் துணி காயப்போடுகிறேன்.

மார்ச் 3, செவ்வாய்
விடியற்காலை ஏழாம் படுக்கைக்கான ஊசியை எட்டாம் படுக்கைக்கு எடுத்துப் போய்விட்டேன். ஊசி போட நோயாளியின் கையைத் துடைத்தும் விட்டேன். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "சிஸ்டர், இவருக்கு இனிமே ஊசி வேணாம்னு டாக்டர் சொன்னாரே?" என்றாள். அவள் கண்ணயர்ந்திருந்தால்?

வீட்டுக்கு வந்து கத்திவிட்டேன். "உங்க மெஷினுக்கு வெயில் வேணும், எனக்குத் தூக்கம் வேணாமா? ஒரு உசிரு போயிருக்கும்ங்க!" அவர் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். பன்னிரண்டு மணிக்கு போன் அடிக்கவில்லை. அப்படியும் தூக்கம் வரவில்லை.

மார்ச் 4
காலையில் வந்தால் கொடி நிறையத் துணி. தொட்டியும் நிரம்பியிருந்தது. "ராத்திரியே போட்டுட்டேன். பில் வந்தா வரட்டும்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். என் சுடிதார் சாயம் அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க. கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன். ஏசியைப் போட்டுப் படுத்தேன்.

மணி ஐந்து. இப்போதுதான் எழுந்தேன். இன்று நல்ல வெயிலாம். நான் பார்க்கவில்லை.