வரப்பில் கட்டிய சிவப்புத் துணி

அன்புள்ள மாமாவுக்கு,

கோகிலவாணி எழுதுவது. நானும் நம் மகள் கனிஷ்காவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத இன்னும் மனம் வரவில்லை.

ஜெயிலில் உங்களைப் பார்க்க வந்த அன்று, வலைக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினீர்களே தவிர, என்னைப் பேசவிடவில்லை. "நான் வெளிய வந்தன்னா பூபதிக்கு இன்னொரு கையும் இருக்காது" என்றீர்கள். பக்கத்தில் நின்ற காவலரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடாமல் கடைசி வரை படியுங்கள்.

முதலில் பிள்ளை. வாந்தி நின்றுவிட்டது, கண்ணில் மஞ்சள் இறங்கி வருகிறது. ஈரல் தேறிவிடும் என்கிறார் டாக்டரம்மா. ஆனால் என்னை உட்கார வைத்துத் திட்டினார். கீழாநெல்லி மேல் குற்றமில்லையாம். காமாலை எதனால் வந்தது என்று ரத்தம் பார்க்காமல், ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டு, யாரிடமும் கேட்காமல், கண்ட இடத்தில் பறித்ததை அரைத்து ஊற்றியதுதான் தப்பாம். களைக்கொல்லி பட்ட செடியை மோரில் கலக்கிக் கொடுத்தால் எந்த ஈரல் தாங்கும் என்று கேட்டார்.

பூபதி கொழுந்தனார் வேண்டுமென்றே அந்தச் செடிக்கு மருந்தடித்தார் என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவர் வயற்காட்டுக்குப் போனீர்கள். சித்தப்பா மகன் என்றும் பார்க்கவில்லை. குனிந்து மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவரை மண்வெட்டியால் வெட்டினீர்கள். தடுத்த கையில் எலும்பு வெளியே வந்துவிட்டதாம். விழுந்தவரை மிதிக்கவும் செய்தீர்களாம். வாய்க்கால் தண்ணீர் சிவப்பாக ஓடியது என்று ஊரே சொல்கிறது.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் அவர் சம்சாரம் ஓடி வந்தாள். சேலையெல்லாம் ரத்தம். என்னை அடிக்கத்தான் வருகிறாள் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் போய், கையிலிருந்த களைக்கொல்லி டப்பாவை டாக்டரம்மாவிடம் நீட்டினாள். என்ன மருந்து என்று தெரியாமல் அவர்கள் திணறிக்கொண்டிருந்த நேரம் அது. வெட்டுப்பட்டுக் கிடந்தவர்தான், நீங்கள் கத்தியதிலேயே விஷயம் புரிந்து, "மொதல்ல டப்பாவக் கொண்டுபோய்க் குடு, புள்ள பொழைக்கோணும்" என்று அவளை விரட்டியிருக்கிறார்.

பிறகுதான் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஏனுங்கக்கா, மருந்தடிச்சிருக்குன்னு தெரியட்டும்னுதானுங்க வரப்புல குச்சி நட்டுச் சேப்புத் துணி கட்டுனாரு. பேச்சுவார்த்தை இல்லாத ஊட்டுக்கு வேற எப்படீங்க சொல்றது?"

அந்தக் குச்சி நினைவிருக்கிறதா மாமா? மறுபடியும் வரப்பை அளந்து கல் நடப் பார்க்கிறான் என்று பிடுங்கி, முறித்து, கிணற்றில் எறிந்தீர்கள். மறுநாள் காலையில் பிள்ளைக்குக் கீழாநெல்லி பறிக்கவும் அதே இடத்துக்குத்தான் போனீர்கள். வேறு எங்கேயும் முளைக்கவில்லையா? வரப்பு நம்முடையது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இந்தக் கடிதத்தை இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஜாமீன் கிடைத்துவிடும் என்கிறார் வக்கீல். வந்ததும் கொடுவாளைத் தேடாதீர்கள். அதைக் கிணற்றில் போட்டுவிட்டேன். வரப்பில் புதுக் குச்சி நட்டு, என் கல்யாணச் சேலையில் கிழித்துக் கட்டியிருக்கிறேன். ஆயுதத்தோடு அதைத் தாண்டிப் போனால், நீங்கள் திரும்பி வரும்போது நானும் பிள்ளையும் வீட்டில் இருக்க மாட்டோம்.

கொழுந்தனாரின் கையை நேற்று எடுத்துவிட்டார்கள். இரண்டு கை சேர்த்து அவரால் இனிக் கும்பிட முடியாது. உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. வந்ததும் போய் அவரைக் கும்பிடுங்கள் மாமா. அந்த இரண்டு கையும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கனிஷ்காவின் அம்மா,
கோகிலவாணி