நீங்கள் அராவிய ரம்பம்

இன்று காலை, தெருவில் சாய்ந்து கிடந்த வேப்பமரத்தை அறுக்க ஆட்கள் வந்தார்கள். மோட்டார் ரம்பத்தைக் கிளப்பியதும், பெட்ரோலும் எண்ணெயும் கலந்த அந்தப் புகை ஜன்னல் வழியாக வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்தேன். மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

துறைமுகத்துக்கு எதிரே கப்பல் சாமான் விற்கும் கடையில் அந்த ரம்பத்தை வாங்கி வந்தீர்கள். எழுபதுகளின் தொடக்கம், ராயபுரத்தில் நமக்குத் தெரிந்த யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. கூட்ஸ் ஷெட் வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். வடிகட்டியில் அடைத்த மரத்தூளைத் தட்டுவதென்ன, செயினுக்கு எண்ணெய் விடுவதென்ன, ஒவ்வொரு பல்லாக அரத்தால் தீட்டுவதென்ன! மகனுக்கு ஒரு நாளாவது தலை வாரிவிட்டிருப்பீர்களா?

அதோடு நின்றிருக்கலாம். உங்களுக்குத்தான் எதிலும் வேகம் போதாதே. கார்புரேட்டர் திருகை இறுக்கிக்கொண்டே போனீர்கள். பெட்ரோல் வரத்து குறையக் குறைய இன்ஜின் வேகம் பிடித்து, சத்தம் மெலிந்து கீச்சென்று ஏறியது.

"எப்டி கீது சத்தம்?"

"அழுவுற மாரி கீது. எறக்கி வைங்க."

"போடி, உனுக்கு இன்னா தெரியும்?" என்று சிரித்தீர்கள்.

பிறகு பற்களில் கை வைத்தீர்கள். ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் ஒரு சிறு மேடு இருக்கும். பல் மரத்தை அளவுக்கு மீறிக் கடிக்காமல் அதுதான் தடுக்கும். அதையும் அராவித் தள்ளினீர்கள். அன்றிலிருந்து தூள் விழவில்லை, சில்லு சில்லாகத் தெறித்தது. "மாமு, கேக்கு வெட்ற மாரி போவுது!" என்று உங்கள் தோஸ்து கைதட்டினார். ஒரு நாள் கொல்லையில் விறகு அறுக்கும்போது ரம்பம் துள்ளி, உங்கள் தோளைத் தாண்டிச் சுவரில் காரையைப் பெயர்த்தது. நான் அலறினேன். "பாத்தியா, இன்னா பவரு!" என்றீர்கள்.

வேறு செயின் மாட்டாமல் அதைத் தொடக் கூடாது என்று சண்டை பிடித்தேன். சரி என்றீர்கள். அந்த வாரமே புயல். மாதா கோயில் சந்தில் பூவரசு விழுந்து வழியை அடைத்துவிட்டது.

"பூசைக்கு ஜனம் எப்டிம்மே வரும்? இத்த மட்டும் அறுத்துட்டு வேற செயின் மாட்டிக்கறேன்" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனீர்கள்.

வாசலில் நின்றேன். கூட்டம் மறைத்தது, சத்தம் மட்டும் கேட்டது. ஏறியது, இன்னும் ஏறியது, சட்டென்று நின்றது. அடியில் மறைந்திருந்த கிளையில் ரம்பத்தின் மூக்கு பட்டுத் துள்ளிவிட்டதாம். கைதட்டிய அதே தோஸ்துதான் ஓடி வந்து வழியை மறித்தார். "அண்ணி, நீ வராத அண்ணி. நீ பாக்காத."

பெட்டியை மூடித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அழுகை ஆறித்தான் போனது. உங்கள் மேல் உள்ள கோபம் மட்டும் ஆறவில்லை; ஆறவிடவும் மாட்டேன். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாக உங்களோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.