கண் தானம் பெறச் சென்றவரை மூன்று மணி நேரம் தடுத்து வைத்தது குறித்து

அனுப்புநர்
மஹ்ஜபீன்,
கண் சேகரிப்புப் பணியாளர்,
உறையூர், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
மாநகரக் காவல் ஆணையர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: 22.05.2025 அன்று வாகனச் சோதனையில் காரணம் கூறாமல் என்னைத் தடுத்து வைத்ததால் ஒரு கண் தானம் வீணானது – விசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தில்லை நகரில் உள்ள ஒரு கண் வங்கியில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இறந்தவர் வீட்டிற்குச் சென்று, குடும்பத்தாரின் சம்மதத்துடன் கண்களைப் பெற்று வருவது என் வேலை. உயிர் பிரிந்த ஆறு மணி நேரத்திற்குள் எடுத்தாக வேண்டும்.

2. அன்று காலை 7.10 மணிக்கு ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் திரு. பீமராவ் காலமானார். மருத்துவர் வந்து உறுதி செய்தபின், 9.40க்கு அவர் மகள் திருமதி மகாலட்சுமி எங்களை அழைத்தார். கண்கள் உலராதிருக்க மின்விசிறியை நிறுத்தி, மூடிய இமைகள் மேல் ஈரப்பஞ்சு வைக்கச் சொல்லிவிட்டு, குளிர்பெட்டியுடன் ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

3. 10.15 மணியளவில் காவிரிப் பாலம் தாண்டியதும் ஓர் உதவி ஆய்வாளர் கைகாட்டினார். நிற்பது என் கடமை, நின்றேன். ஹெல்மெட் அணிந்திருந்தேன். உரிமத்தையும் பதிவுச் சான்றையும் அரசின் செயலியில் காட்டினேன். பெட்டியில் என்ன என்று கேட்டார். உள்ளதைச் சொல்லி, அடையாள அட்டையையும் கொடுத்தேன். என் பெயரைப் படித்தபின் அவர் குரல் மாறியது. இதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை; மறைக்கவும் மனம் வரவில்லை.

4. சாவியைப் பிடுங்கினார். கிருமி நீக்கிய கருவிகளை வெறுங்கையால் பிரித்து, "கத்தி எதுக்கு?" என்றார். என் போனைத் திறந்து காட்டச் சொன்னார், மறுத்தேன். "சார், என்னைக் கைது பண்றீங்களா? அப்படின்னா காரணத்தைச் சொல்லுங்க. இல்லேன்னா விடுங்க, அங்க எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன். "எனக்கே சட்டம் சொல்லித் தர்றியா? ஸ்டேஷனுக்கு வா" என்பதே பதில்.

5. காவல் நிலையத்தில் 10.40 முதல் 1.20 வரை பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டேன். அதுவரை அங்கே பெண் காவலர் எவருமில்லை. எதுவும் எழுதப்படவுமில்லை. பறித்து மேசை மேல் வைத்திருந்த என் போன் பதினான்கு முறை அடித்தது. திரையில் மகாலட்சுமி அவர்களின் பெயர் தெரிந்தது, எடுக்க அனுமதியில்லை. "எங்க ஆபீஸுக்கு ஒரே ஒரு போன் பண்ணிக் கேளுங்க" என்று நான்கு முறை கெஞ்சினேன். 1.20க்குப் பணிக்கு வந்த பெண் காவலர் அதைச் செய்தார். இரண்டு நிமிடம் பேசினார். சாவி திரும்பி வந்தது. கெடு பத்து நிமிடங்களுக்கு முன்பே முடிந்திருந்தது.

6. 1.40க்கு ஸ்ரீரங்கம் சென்றேன். அக்னி நட்சத்திர வெயிலில், மின்விசிறி இல்லாமல், உறவினர்கள் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்கள். மகாலட்சுமி அவர்கள் பஞ்சை நனைத்துக்கொண்டே இருந்தார். இனிப் பயனில்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அப்பா ரெண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தாங்க. நீங்க சொன்னபடிதானே பண்ணோம், எங்க மேல ஏதும் தப்பாங்க?" என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டியவர் நானல்ல.

7. மறுநாள் அதே நிலையத்தில் புகார் கொடுத்தேன். "பெருசாக்காதீங்கம்மா" என்று வாங்கி வைத்தார்கள், ரசீது தரவில்லை. எனவே தங்களிடம் வந்துள்ளேன்.

அன்றைய கேமரா பதிவுகள் அழியும் முன் கைப்பற்றப்பட வேண்டும். அந்நிலையத்தைச் சாராத அதிகாரி விசாரிக்க வேண்டும். எந்தச் சட்டப்பிரிவின்படி என்னைப் பிடித்து வைத்தார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும். வருத்தம் தெரிவிப்பதானால், அதை மகாலட்சுமி அவர்களின் வீட்டிற்குச் சென்று தெரிவிக்க வேண்டும்.

இப்பணியை நான் விடப்போவதில்லை. நேற்றும் அந்தப் பாலத்தைக் கடந்து ஒரு வீட்டிற்குச் சென்று, கண்களுடன் திரும்பினேன். ஆனால் காக்கிச் சட்டையைக் கண்டதும், யாரும் கைகாட்டாமலே ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டேன். தவறேதும் செய்யாத ஒருத்தி தங்கள் துறையைக் கண்டு அஞ்சுவதைத் தாங்கள் ஏற்கமாட்டீர்கள் என்று நம்பி, இம்மனுவில் கையொப்பமிடுகிறேன்.

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 26.05.2025

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) மஹ்ஜபீன்